சிவப்பு உறைக்குள் ஒரு குறுஞ்செடி

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. சுகம் என்று ஒரே வார்த்தையில் எழுதினால் நீ நம்ப மாட்டாய், ஆகையால் விவரமாகவே சொல்கிறேன்: இருமல் போய்விட்டது, முழங்கால் வலி போகவில்லை, பசி மட்டும் இரண்டு ஆளுக்கு எடுக்கிறது. நீயும் வீட்டில் எல்லோரும் எப்படி? உன் கண் பரவாயில்லையா?

மலைச் சரிவுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. வானிலை நிலையத்தில் போன வருஷம் கொடுத்த அதே அறைதான். ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்துவிடுகிறது. காலையில் போர்வை, செருப்பு, இந்தக் காகிதம் எல்லாம் நமத்துக் கிடக்கின்றன. எங்காவது மை கரைந்திருந்தால் தம்பி அழுதான் என்று நினைத்துவிடாதே. போன் பேச வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் இறங்க வேண்டும். இறங்கினால் நீ திட்டுவதைக் காதால் கேட்க வேண்டும். பதினைந்து நாளைக்கு ஒருமுறை வரும் ஜீப்காரரிடம் கடிதம் கொடுத்து அனுப்புவதுதான் என் உடம்புக்கு நல்லது.

உன் செடி மொட்டு வைத்திருக்கிறது. உன் செடி என்றுதான் இங்கே எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். “உங்க அக்கா இன்னிக்கு எப்படி இருக்காங்க?” என்று நிலையத்துக்காரர் தினமும் விசாரிக்கிறார். “குட்டையா, கோவமா இருக்காங்க” என்கிறேன். முழங்காலுக்குக்கூட எட்டாமல், அடியிலிருந்தே கிளை விட்டு, யார் மிதித்தாலும் மறுநாள் நிமிர்ந்து நிற்கிற செடிக்கு உன் பெயரை வைத்தது எவ்வளவு பொருத்தம் என்று ஒவ்வொரு வருஷமும் தோன்றுகிறது.

ஆனால் அக்கா, இது நான்காவது வருஷம். பூவை எல்லோரும் பார்த்தாயிற்று. ஐந்து இதழ், ஊதா நிறம். ஊதாப்பூப் பேரினத்துக்கு உரிய பூ, அதில் யாருக்கும் தகராறு இல்லை. காயைத்தான் உயிரோடு ஒருவரும் பார்க்கவில்லை, நான் உட்பட. காய் இருப்பது உலகத்திலேயே ஓரிடத்தில்தான்: ஆறு வருஷத்துக்கு முன் நீ காய்ந்த கிளைகளை ஒட்டிய தாளில். அந்தக் காயில் இறகு இருக்கிறது. இறகுக் காய் என்றால் அது பாதையோரம் எங்கும் மண்டிக் கிடக்கிற வெள்ளைப்பூச் செடியின் பேரினம். பூவைப் பார்த்தால் ஒரு வீட்டுப் பிள்ளை, காயைப் பார்த்தால் இன்னொரு வீட்டுப் பிள்ளை. இரண்டு பேரினங்களுக்கும் நடுவில் நிற்கிற செடி இது என்று எழுதித்தான் நான் பெயரே வைத்தேன். “காயைக் காட்டுங்க சார், ஒத்துக்கறோம்” என்கிறார்கள் மற்ற தாவரவியல்காரர்கள்.

அந்தப் பயணத்தில் மழையில் கை விறைக்க விறைக்க நூறு கிளைக்கு மேல் பறித்து, செய்தித்தாளில் அழுத்தி உனக்கு அனுப்பினேன். இந்தக் காயை எந்த இடத்தில் பறித்தேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவு வரவில்லை. ஓர் உதவி செய். தாளை எடுத்து, காயின் இறகு எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து எழுது. எந்த அளவில் தேடுவது என்றாவது தெரியட்டும்.

பசைச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுப் பதில் போடு.

மலையேறிப் போன உன் தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். என் கண் இருக்கிற இடத்திலேயே இருக்கிறது, கண்ணாடிதான் தொலைந்து தொலைந்து கிடைக்கிறது. உன் முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன். தேய்ப்பதற்குத்தான், அலமாரியில் வைத்து அழகு பார்ப்பதற்கு இல்லை.

உன் வீட்டுக்காரி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதுகிறேன். “செடி பூத்தா லீவு, செடி காய்ச்சா லீவு. எனக்குக் காய்ச்சல் வந்தா மட்டும் மனுஷனுக்கு லீவு கிடைக்காது.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவள் சிரித்ததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. உன் மகள் “அப்பா” என்று ஒரு படம் வரைந்தாள். படத்தில் தொப்பி மட்டும் இருந்தது. ஆள் எங்கடி என்றால், “செடிக்குப் பின்னாடி இருக்காரு அத்தை” என்கிறாள்.

காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்து வைக்கிற எங்கள் ஹெர்பேரியத்துக்குப் புது மேடம் வந்திருக்கிறார்கள். ஊதாப்பூப் பேரினம் முழுவதையும் புதிதாகத் திருத்தி எழுதப் போகிறார்களாம். வருஷக் கடைசியில் புத்தகம் அச்சுக்குப் போகிறது. “உங்க தம்பியோட செடியைத்தான் எங்க வைக்கிறதுன்னே புரியலம்மா. காய் கிடைச்சா புதுப் பேரினமே எழுதலாம். கிடைக்கலன்னா சந்தேகம்னு ஒரு வரி போட்டு ஒதுக்கிடுவேன்” என்றார்கள். நல்ல மனுஷிதான், ஆனால் கத்தரிக்கோல் மாதிரிப் பேச்சு.

எந்தத் தாளைப் பார்த்து ஒரு செடிக்குப் பெயர் வைத்தார்களோ அந்தத் தாள் எங்களிடம் சிவப்பு உறைக்குள் போய்விடும், உனக்குத் தெரிந்ததுதானே. அதுதான் செடிக்குப் பிறப்புச் சான்றிதழ். அதை எடுக்க மேடத்தின் கையெழுத்து வேண்டும். வாங்கி, அளந்து எழுதுகிறேன்.

இருபத்தாறு வருஷமாகக் கிளைகளை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பதினெட்டாயிரம் தாளுக்குக் குறையாது. யாராவது விருந்தாளி வந்து சுற்றிக் காட்டச் சொன்னால், என் கால் தானாக அந்தச் சிவப்பு உறைப் பக்கம்தான் போகிறது. என் பெயர் இருக்கிறது என்பதற்காக மட்டும் இல்லை. கிளை மேலே சாய்ந்திருக்கும், கீழ் மூலையில் காய், ஓர் இடம் வெறுமையாக இருக்காது. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்த வாரம் வீட்டுக்குக் கொண்டுவந்து சமையலறை மேஜையில் ஒட்டியது அது. அம்மாவிடம் எடுத்துப் போய்க் காட்டியிருக்கலாம். நேரம் கிடைக்கவில்லை.

குளிரில் குல்லாய் போட்டுக்கொள்.

உன் அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

எண்ணெய் வந்தது, தேய்த்தேன், சாட்சிக்கு நிலையத்துக்காரர் இருக்கிறார். வீட்டில் எல்லோரும் நலம் என்று படித்ததில் நிம்மதி. அந்தத் தொப்பிப் படத்தை அனுப்பி வை.

பூத்துவிட்டது. காலை பத்து மணிக்கு மேகம் விலகி வெயில் விழுந்ததும் சரிவு முழுவதும் ஒன்றாகத் திறக்கிறது. இரண்டு மணிக்கு ஒன்றாக மூடிக்கொள்கிறது. அந்த நாலு மணி நேரமும் நான் தரையில் படுத்துக் கிடக்கிறேன். நின்று பார்த்தால்தான் இது செடி. படுத்துப் பார்த்தால் காடு. முகத்துக்கு மேலே ஊதா நிறத்தில் ஒரு கூரை, அதில் வெயில் வடிந்து இறங்குகிறது. கீழே எறும்புகள் சந்தைக்குப் போகிற அவசரத்தில் போகின்றன. அப்படியே கண் அசந்துவிடுகிறேன். எழுந்தால் பூக்கள் மூடியிருக்கின்றன. தூங்கினது நானா, செடியா என்று கொஞ்ச நேரம் பிடிபடுவதே இல்லை.

நேற்று அங்கேயே ஒரு கனவு. இறகு வைத்த காய்கள் சரிவிலிருந்து கிளம்பிப் பறக்கின்றன, ஆயிரக்கணக்கில், சத்தமே இல்லாமல். நம் வீட்டு ஜன்னல் வழியாக உள்ளே போகின்றன. நீ ஒவ்வொன்றாகப் பிடித்துத் தாளில் ஒட்டுகிறாய். “மெதுவா, அக்கா, மெதுவா” என்று கத்துகிறேன், குரல் வரவில்லை. சந்தோஷமான கனவுதான்.

பூ உதிர்ந்ததும் காம்பில் மிளகு அளவுக்கு ஓர் உருண்டை தங்கும், அவ்வளவுதான் வருஷா வருஷம் எனக்குக் கிடைப்பது. பூச்சி முட்டையிட்டு வீங்கியது. முதல் வருஷம் ஆசையாக இரண்டை அறுத்தேன், உள்ளே புழு. அதற்குப் பிறகு தட்டிவிட்டுப் போய்விடுகிறேன். நல்ல காய் எங்கேயோ உயரத்தில், கை படாத இடத்தில் இருக்கிறது. இருக்க வேண்டும். உன் தாளில் இருக்கிறதே.

அளவு எங்கே?

பூவுக்கு அடியில் படுத்திருக்கும் உன் தம்பி


மார்ச் 25 (அனுப்பாதது)

தம்பி,

சுகம் விசாரிக்கக் கை வரவில்லை.

இன்று மேடம் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள். தாளை மேஜையில் வைத்து லென்ஸுக்கு அடியில் அளந்தேன். நாலு மில்லிமீட்டர். ஒப்பிட்டு எழுதினால் உனக்கு உதவுமே என்று, அதே பயணத்தில் நீ அனுப்பிய பாதையோரச் செடியின் தாளையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அதுவும் நான் ஒட்டியதுதான். அதே மேஜை, அதே நாள்.

அந்தத் தாளில் பெரிய கிளைக்கு இடது பக்கம் ஒரு சின்னக் கிளை ஒடிந்து போயிருக்கிறது. ஒடிந்த முனை சாய்வாக இருக்கிறது, நடுவில் ஒரு நார் நீட்டிக்கொண்டிருக்கிறது. உன் தாளில் இருக்கிற காய்க் கிளையின் அடியும் அதே சாய்வு. நார் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு குழி. இரண்டு தாள்களின் ஓரத்தையும் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். பொருந்திவிட்டது.

எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கை கழுவிவிட்டு நேரே உட்கார்ந்தேன். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. தரையில் காயோடு ஒரு துண்டுக் கிளை கிடந்தது. இலை அச்சு அசல் ஒரே இலை. உன் தாளில் கீழ் மூலை வெறுமையாக இருந்தது. வெறுமையாக ஓர் இடம் கிடந்தால் எனக்குப் பொறுக்காது. எந்த உறையிலிருந்து விழுந்தது என்று பார்க்காமலே அங்கே வைத்து ஒட்டினேன். ஒட்டிவிட்டுத் தள்ளி நின்று அழகு பார்த்தேன்.

நீ தேடுகிற செடி மலையில் எங்கேயும் இல்லை. அதை நான் சமையலறையில் பசை போட்டுச் செய்தேன். நாலு வருஷமாக நீ பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு அதைத் தேடிக்கொண்டிருக்கிறாய். அதற்கு என் பெயரையே வைத்திருக்கிறாய்.

இதை எப்படி உனக்கு அனுப்புவேன்? பூவுக்கு அடியில் படுத்துக் கிடக்கிறவனை எப்படித் தட்டி எழுப்புவேன்? அந்தப் புதுப் பேரினம் போனால் உன்னிடம் என்ன மிஞ்சும் என்று தெரியவில்லை. அதைவிடக் கேவலமாக இன்னொன்றும் தோன்றுகிறது: என்னிடம் என்ன மிஞ்சும்? பதினெட்டாயிரம் தாளில் இன்னும் எத்தனை இப்படி?

இழுப்பறையில் வைக்கிறேன்.


மார்ச் 26

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். இறகு நாலு மில்லிமீட்டர். தொப்பிப் படம் இணைத்திருக்கிறேன். மழைக்கு முன்னால் இறங்கி வந்துவிடேன். ஒரு வருஷம் காய் காய்க்காவிட்டால் செடி ஒன்றும் செத்துப்போகாது.

அக்கா


மே 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் இளைத்துப்போய் வந்தது. நான் பயந்துவிட்டேன். உடம்பு சரியில்லையா? வீட்டில் ஏதாவது சண்டையா? இல்லை, என் மேல் கோபமா? கோபமென்றால் எட்டுப் பக்கம் எழுதுகிறவள் நீ. அதனால்தான் கேட்கிறேன். மறைக்காமல் எழுது.

படத்தைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். நிலையத்துக்காரர் பார்த்துவிட்டு, “தொப்பி நல்லா வந்திருக்கு. சீக்கிரம் ஆளையும் வரையச் சொல்லுங்க” என்றார்.

பூக்காலம் முடிந்துவிட்டது. சரிவு பச்சையாகக் கிடக்கிறது. ஒரு முடிவு எடுத்திருக்கிறேன், முதலில் உனக்குத்தான் சொல்கிறேன். அந்தப் பக்கத்து உச்சிக்கு இதுவரை யாரும் போனதில்லை. மழையில் வழி இருக்காது, மழைக்கு முன் போய்விட்டால் பனிக்காலம் வரை அங்கேயே தங்க வேண்டும். ஒரு பாறைக் குடிசை இருக்கிறதாம். இன்னும் ஒரு வருஷம் சம்பளம் இல்லாத விடுப்புக்கு விண்ணப்பம் எழுதி வைத்திருக்கிறேன், ஜூன் கடைசி ஜீப்பில் அனுப்புவேன். கொடுக்காவிட்டால் வேலையை விட்டுவிடுகிறேன். நாலு மில்லிமீட்டர் என்று நீ எழுதின நாளிலிருந்து அந்தக் காய் என் கண்ணுக்கு முன்னாலேயே நிற்கிறது. இறகில் ஓடுகிற நரம்புகூடத் தெரிகிறது.

வீட்டில் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும். நான் எழுதினால் அவள் பாதியில் கிழித்துவிடுவாள்.

உன்னை நம்பியிருக்கும் தம்பி


ஜூன் 10

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. உன் மேல் கோபமும் இல்லை. விண்ணப்பத்தை அனுப்பாதே. உச்சிக்குப் போகாதே. இதோடு இன்னொரு கடிதம் வைத்திருக்கிறேன். மார்ச் 25 என்று தேதி போட்டது. அதை முதலில் படித்துவிட்டு மேலே படி.

படித்தாயா?

உன் மே மாதக் கடிதத்தை வீட்டுக்காரியிடம் பக்குவமாகச் சொல்ல உட்கார்ந்தேன். பக்குவம் ஒன்றும் வரவில்லை, நடந்ததை முழுவதும் சொல்லிவிட்டேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். பிறகு, “மூணு மாசமா இதை வெச்சுக்கிட்டு எப்படி அண்ணி சாப்பிட்டீங்க?” என்று கேட்டாள். அதற்கு அப்புறம்தான் எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் மேடத்திடம் இரண்டு தாளையும் கொண்டுபோய்ச் சேர்த்துக் காட்டினேன். லென்ஸை வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்கள்.

“ஆமாம்மா. கலப்புத் தாள். பூ ஒண்ணோடது, காய் இன்னொண்ணோடது.”

“நான் ஒட்டினது மேடம்.”

“தெரியுதும்மா. இவ்வளவு அழகா வேற யாரு ஒட்டுவாங்க?”

பாராட்டா, அடியா என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை. கிளையைப் பிரித்து எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். பதறிவிட்டார்கள். ஒரு தாளில் ஒட்டியதை யாரும் பிரிப்பதில்லை, பழைய பெயர்ச் சீட்டை யாரும் கிழிப்பதில்லை. தப்பு அப்படியே இருக்கும், பக்கத்தில் புதுச் சீட்டு ஒட்டுவார்கள். மற்றவர்களுடைய தப்புக்கெல்லாம் எத்தனை சீட்டு ஒட்டியிருக்கிறேன்! எனக்கும் அதே வழிதான். “நீங்களே எழுதுங்க” என்று பேனாவைக் கொடுத்தார்கள். எழுதினேன்: ‘கீழ் மூலையில் உள்ள காய்க் கிளை இந்தச் செடிக்கு உரியது அல்ல. பாதையோரச் செடியிலிருந்து ஒடிந்தது. தவறாகச் சேர்த்து ஒட்டியவள் நான்.’ தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். உன் கையெழுத்துக்குப் பக்கத்தில்தான் இடம் இருந்தது.

இனி நீ செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறதாம். இரண்டு கிளையில் ஒன்றைத்தான் பெயரோடு வைக்க முடியும். காய்க் கிளையை வைத்தால் என் பெயர் பாதையோரச் செடிக்குள் கரைந்துவிடும், செடி என்று ஒன்றே இல்லாமல் போகும். பூக் கிளையை வைக்கலாம், ஆனால் அந்தப் பூவுக்கு நிஜமான காய் எது என்று யாராவது காட்ட வேண்டும். “உங்க தம்பியைத் தவிர அந்தச் செடியை இவ்வளவு நாள் பார்த்தவங்க யாருமே இல்ல” என்றார்கள் மேடம். பெயரை மாற்ற முடியுமானால் மாற்றிவிடு. எனக்கு அது வேண்டாம்.

ஒட்டுகிற வேலையிலிருந்து என்னை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். இப்போது அலமாரிகளில் அந்துருண்டை வைத்துக்கொண்டு வருகிறேன். பசைச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாய் இல்லை. இறங்கி வா, அது போதும்.

அக்கா


ஆகஸ்ட் 2

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். என் கடைசிக் கடிதம் போய் ஏழு வாரம் ஆகிறது, நீ எப்படி இருக்கிறாய் என்று தெரியவில்லை.

ஜீப்காரரைத் தேடிப்பிடித்துக் கேட்டேன். “கடிதத்தைக் கையிலதான்மா குடுத்தேன். நின்ன இடத்துலயே படிச்சாரு. மழை வந்துச்சு, அப்பவும் உள்ள போகல” என்றார். வேறு ஏதாவது சொன்னாயா என்று கேட்டேன். “உறை ஒண்ணு ஏற்கெனவே குடுத்திருந்தாரு, அதைத் திருப்பி வாங்கிக்கிட்டாரு” என்றார். விண்ணப்பமாகத்தான் இருக்க வேண்டும். அன்றைக்குத்தான் கொஞ்சம் தூங்கினேன்.

உன் மகள் இப்போது பூக்களை மட்டும் வரைகிறாள். வீட்டுக்காரி ஒன்றும் கேட்பதில்லை. சாயங்காலம் இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையைப் பார்க்கிறோம். உன் சரிவிலும் இதே மழைதான் பெய்யும் என்று நினைத்துக்கொள்வேன். சில நாள் அப்படியே உட்கார்ந்தவாக்கில் கனவு வருகிறது. முழங்கால் உயரத்துக்கு ஊதாப் பூக்கள், நீ எங்கேயோ படுத்திருக்கிறாய், மிதித்துவிடுவேனோ என்று நான் அடி எடுத்து வைக்காமல் நிற்கிறேன்.

திட்டியாவது எழுது.

அக்கா


செப்டம்பர் 14

அக்கா,

நலமாகத்தான் இருக்கிறேன். நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

திட்டச் சொன்னாய், திட்டுகிறேன். தப்பாக ஒட்டினதற்கு இல்லை. அம்மா அந்த நிலையில் கிடக்கும்போது யார் கையும் தவறும். மார்ச் மாதமே தெரிந்தும், மறுநாள் உட்கார்ந்து ‘இறகு நாலு மில்லிமீட்டர்’ என்று எழுதினாயே, அதற்குத்தான். அளவு சரியாக இருந்தது பார், அதில்தான் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது. அந்த நாலு மில்லிமீட்டரை வைத்துக்கொண்டு நான் மூன்று மாதம் கனவு கண்டேன். உச்சிக்குப் போகக் கயிறுகூட வாங்கிவிட்டேன். போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

உன் கடிதம் வந்த பிறகு மூன்று வாரம் செடிப் பக்கமே போகவில்லை. அறையிலேயே கிடந்தேன். மழை ஓயாமல் பெய்தது. நிலையத்துக்காரர் டீ கொண்டுவந்து வைப்பார், ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு போவார். ஒரு நாள், “உங்க அக்கா இன்னிக்கு எப்படி இருக்காங்கன்னு யாராச்சும் போய்ப் பார்க்க வேணாமா?” என்றார். செடியைத்தான் கேட்டார். எனக்கு உன் முகம் வந்தது.

போனேன். மழை விட்டிருந்தது. படுத்தேன். பூ இல்லை, வெறும் காம்புகள், காம்பு நுனியில் அந்த மிளகு உருண்டைகள். நாலு வருஷமாகத் தட்டிவிட்டுப் போன உருண்டைகள். இறகு வேண்டும், இறகு வேண்டும் என்று தேடினவனுக்கு இறகு இல்லாதது எதுவும் காயாகத் தெரியவில்லை. நாற்பது எடுத்து அறுத்தேன். ஒன்பதில் புழு. முப்பத்தொன்றில் விதை, இரண்டிரண்டாக, வழுவழுவென்று. அவ்வளவுதான் அக்கா, அதுதான் காய். ஊதாப்பூப் பேரினத்தில் எல்லாச் செடிக்கும் இருக்கிற சாதாரணக் காய். புதுப் பேரினமும் இல்லை, நடுவில் நிற்கிற செடியும் இல்லை. அந்தப் பேரினத்தில் ஒரு புதுச் சிற்றினம், அது மட்டும் நிஜம். மேடத்துக்கு விதைகளோடு எழுதிவிட்டேன். பூக் கிளையோடு பெயர் நிற்கும் என்று பதில் வந்துவிட்டது.

பெரிதாக ஒன்று போய்விட்டது என்று முதலில் அழுதேன். மை கரைந்திருக்கிறதே, அது இந்த முறை ஈரம் இல்லை. நான் பறித்த ஞாபகமே இல்லாத காய் ஒன்று தாளில் இருந்தது. ‘இது ஏது அக்கா?’ என்று அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்டால் போய்விடுமோ என்று கேட்கவில்லை. நீ மூன்று மாதம் மறைத்தாய்; நான் ஆறு வருஷம் கேட்காமல் இருந்தேன். அந்தச் சீட்டில் உன் கையெழுத்து மட்டும் இருப்பது நியாயம் இல்லை.

பெயரை மாற்றச் சொன்னாய். முடியாது. வைத்த பெயர் வைத்ததுதான், அது விதி. வைத்தவனே நினைத்தாலும் எடுக்க முடியாது. உன் பெயரோடு அது இங்கே முளைத்துக்கொண்டுதான் இருக்கும், உனக்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும்.

அக்டோபர் முதல் வாரம் இறங்குகிறேன். மார்ச்சில் நூல் கட்டி அடையாளம் வைத்துப் பூ எடுத்த அதே செடியிலிருந்து இப்போது காயும் வேரும் எடுத்து, எல்லாமாக ஒரே செடியின் கட்டு ஒன்று கொண்டு வருகிறேன். மீதிக் கோபத்தை நேரில் தீர்த்துக்கொள்ளலாம்.

தம்பி


அக்டோபர் 9, காலை

தம்பிக்கு,

அடுத்த அறையில் தூங்குகிறவனுக்குக் கடிதம் எழுதுகிறேன், பழக்கதோஷம். நேற்று வந்ததிலிருந்து நீயும் நானும் முகம் பார்த்து ஒழுங்காகப் பேசவில்லை. உன் மகள் உன்னை விட்டு நகரவில்லை, அதுவும் நல்லதாகப் போயிற்று. இப்போது அவள் உன் கை மேல் தலை வைத்துத் தூங்குகிறாள். எழுப்ப மனசு வரவில்லை.

ஆபீஸுக்குக் கிளம்புகிறேன். உன் கட்டை எடுத்துப் போகிறேன். இந்தத் தாளை நான்தான் ஒட்ட வேண்டும் என்று மேடம் பிடிவாதமாக இருக்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி. நாலு மாதமாகப் பசையைத் தொடவில்லை. நேற்று ராத்திரி வெறும் காகிதத்தில் ஒட்டிப் பார்த்தேன், அதுவே கோணலாகப் போயிற்று. எழுந்ததும் டீயைக் குடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றுகொள். எந்தக் கிளை, எந்த வேர் என்று ஒவ்வொன்றையும் நீ பார்த்துச் சரி சொன்ன பிறகு ஒட்டுகிறேன். பதினோரு மணி வரை காத்திருப்பேன். இதை உன் மூக்குக்கண்ணாடிக்கு அடியில் வைக்கிறேன்.

அக்கா

(அதே தாளின் பின்பக்கம், பென்சிலில். பத்தரை மணிக்கு அவன் மனைவி கொண்டுவந்து கொடுத்தது.)

அக்கா,

எழுந்துவிட்டேன். நல்ல தூக்கம். டீயும் குடித்தாயிற்று.

நான் வரப்போவதில்லை. இன்றைக்கு இவளைப் பள்ளிக்கூடத்தில் விடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

நீயே ஒட்டு.